உள்ளத்தில் இருப்பதை அறிந்தவன்: நிய்யத்தை (உள்நோக்கத்தை) சீர்செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பல வருடங்களுக்கு முன் ஒரு ரமழான் மாத வெள்ளிக்கிழமை. பள்ளிவாசல் திருத்த வேலைக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் 5,000 ரூபா கொடுத்திருந்தேன். அன்றைய என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கொடுத்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றேன். வெயில் சுட்டது, நோன்பு வேறு. வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. பட்டியல் முடிந்தது. என் பெயர் வரவில்லை.

வாசித்தவர் ஒரு வரியைத் தாண்டியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் என் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குத் திரும்பும் வழியெல்லாம், பாலத்தில் கடற்காற்று முகத்தில் அடிக்கிறபோதும், அந்தப் பட்டியலே காதில் ஓடிக்கொண்டிருந்தது. அல்லாஹ்வுக்காகத்தான் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அல்லாஹ்வுக்குத் தெரிய ஒலிபெருக்கி எதற்கு? அதுவரை அவனுக்கு மட்டும் தெரிந்திருந்த ஒன்று அன்று எனக்கும் தெரிந்துவிட்டது.

இந்த வழிகாட்டியின் தொடக்கம் அந்தப் பயணம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அஹதிய்யா என்ற மார்க்கப் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். “அல்லாஹ் எல்லாவற்றையும் அறிவான்” என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். சரி, அவன் அறிகிறான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சின்ன வயதில் எனக்குக் கிடைக்கவில்லை. படித்ததையும் பட்டதையும் சேர்த்து, நான் போய்ப் பார்த்த வழியையே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: அவன் எதை அறிகிறான் என்பதை நிதானமாக வாசியுங்கள்

குர்ஆனை எடுத்து வையுங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்க வேண்டாம், ஒரு வசனத்துக்கு ஒரு நாள் கொடுங்கள்.

தாஹா அத்தியாயத்தில் தொடங்கலாம். நீங்கள் சத்தமிட்டுப் பேசினாலும், அவன் இரகசியத்தையும் அதைவிட மறைவானதையும் அறிகிறான் என்கிறது 20:7. இரகசியம் புரிகிறது. நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாதது. அதைவிட மறைவானது எது? நம் உள்ளத்தில் இன்னும் தோன்றவே இல்லாதது, நாளைக்கோ பத்து வருடம் கழித்தோ நாம் நினைக்கப்போவது என்று விரிவுரையாளர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் நான் காத்து நின்றபோது என் நிய்யத்து எனக்கே தெரியவில்லை. அவனுக்கு அது பணத்தை எண்ணிக் கொடுத்தபோதே தெரியும், அதற்கு முன்பும் தெரியும்.

அடுத்தது காஃப் அத்தியாயம், 50:16. மனிதனை நாமே படைத்தோம், அவனுடைய மனம் அவனிடம் முணுமுணுப்பதை அறிவோம், பிடரி நரம்பைவிட அவனுக்கு நாம் நெருக்கமாக இருக்கிறோம். இதை வாசிக்கும்போது கழுத்தில் விரலை வைத்து அந்தத் துடிப்பைத் தொட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் நான் இப்படித்தான் காட்டுவேன். வகுப்பு ஒரு நிமிடம் அப்படியே அடங்கிப்போகும்.

அதன்பின் முல்க் அத்தியாயம், 67:13, 14. பேச்சை மறைத்தாலும் வெளியே சொன்னாலும் நெஞ்சங்களில் உள்ளதை அவன் அறிகிறான். உடனே ஒரு கேள்வி வருகிறது: படைத்தவன் அறியமாட்டானா? அவனோ அல்லத்தீஃப், நுட்பமானவன்; அல்கபீர், உள்ளும் புறமும் தெரிந்தவன். நம் ஊர்க்காரருக்கு இந்தக் கேள்வியின் பலம் சட்டென்று பிடிபடும். வள்ளம் கட்டியவருக்கு எந்தப் பலகையின் ஓரத்தில் தண்ணீர் கசியும் என்று தெரியும். ஏறி உட்கார்ந்திருப்பவனுக்குக் கால் நனைந்த பிறகுதான் தெரியும்.

40:19-ஐ நான் விளங்கிக்கொண்டது மீன் வாங்கப்போன ஒரு காலையில். கண்களின் மோசடியையும் நெஞ்சங்கள் மறைப்பதையும் அவன் அறிகிறான் என்பது அந்த வசனம். அன்று பாரை மீன் தராசில் கிடந்தது. முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தவரின் கண் ஒரு தரம் முள்ளைப் பார்த்தது, ஒரு தரம் வாங்க வந்த கிழவியின் முகத்தைப் பார்த்தது. கிழவி பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். முள் நிற்பதற்கு முன்னமே மீன் பைக்குள் போய்விட்டது. கை தப்புச் செய்ததா என்று எனக்குத் தெரியாது. முள் நின்றிருந்தால் நிறை சரியாகவே வந்திருக்கலாம். ஆனால் கண் போய் வந்த அந்த அரை நொடிக்கும் ஒரு சாட்சி இருக்கிறான் என்று அப்போது உறைத்தது. கூடவே என் கண் போய் வந்த இடங்களும் ஞாபகத்துக்கு வந்தன.

6:59-க்கு வீட்டை விட்டு வெளியே போங்கள். மறைவானவற்றின் திறவுகோல்கள் அவனிடமே இருக்கின்றன. தரையிலும் கடலிலும் உள்ளதை அவன் அறிகிறான். அவன் அறியாமல் ஓர் இலைகூட உதிர்வதில்லை. திருகோணமலைக் கோட்டைக்குள் மான்கள் படுத்திருக்கும் மரங்களுக்குக் கீழே கொஞ்சநேரம் நின்றால் போதும், ஒரு நிமிடத்தில் எத்தனை இலை விழுகிறது என்று உங்களால் எண்ண முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வானங்களிலும் பூமியிலும் உள்ள எவரும் மறைவானதை அறியமாட்டார், அல்லாஹ்வைத் தவிர (27:65). கணவன் மனதில் என்ன இருக்கிறது, யார் செய்வினை வைத்தார், திருடியது எந்த மருமகள் என்று பார்த்துச் சொல்கிறவர்களிடம் நம் பெண்களும் போகிறார்கள், ஆண்களும் போகிறார்கள். போக வேண்டாம். பணம் போவது சிறிய நட்டம். ஒரு வீட்டில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிட்டால், அதை எந்தத் தாயத்தாலும் அவிழ்க்க முடியாது.

இரண்டாம் படி: வந்துபோகும் எண்ணத்தையும் வைத்துக்கொண்ட எண்ணத்தையும் பிரித்தறியுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் அதிகநேரம் நிற்கப்போகிறேன். நல்ல பிள்ளைகள் பலர் விழுந்து அடிபடுவது இந்த இடத்தில்தான்.

உயர்தரம் படிக்கிற ஒரு பையன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தான். “சேர், எனக்குள்ள வாற எண்ணத்தைச் சொன்னா நீங்க என்னை வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லிருவீங்க” என்றான். சொல்லத் தேவையில்லை என்றேன். தொழுகையில் நிற்கும்போது அல்லாஹ்வைப் பற்றியே மோசமான எண்ணங்கள் வருகின்றனவாம். அல்லாஹ் நெஞ்சில் உள்ளதை அறிகிறான் என்று நான் வகுப்பில் சொல்லச் சொல்ல, அவனுக்குப் பயம் கூடியிருக்கிறது. மூன்று மாதம் ஒழுங்காகத் தூங்கவில்லை. என் பாடம் ஒரு பிள்ளையை இப்படி ஆக்கியிருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு பதறியது.

அவனிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். ஸஹாபாக்களில் (நபித்தோழர்களில்) சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, வாயால் சொல்லவே பயங்கரமான விஷயங்கள் எங்கள் உள்ளத்தில் தோன்றுகின்றன என்றார்கள். “உண்மையாகவே அப்படி உணர்கிறீர்களா?” என்று நபியவர்கள் கேட்டார்கள். ஆம் என்றார்கள். “அதுதான் தெளிவான ஈமான் (இறைநம்பிக்கை)” என்றார்கள் நபியவர்கள். ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் வருகிறது. எண்ணத்தை ஈமான் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூட வாய் கூசுகிறதே, அந்தக் கூச்சத்தை ஈமான் என்றார்கள். பையன் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னான். அப்புறம் தொப்பியைத் தலையில் வைத்தான்.

இதே பயம் ஸஹாபாக்களையும் ஒருமுறை மொத்தமாகப் பிடித்திருக்கிறது. உங்கள் உள்ளங்களில் உள்ளதை வெளிப்படுத்தினாலும் மறைத்தாலும் அல்லாஹ் உங்களைக் கணக்குக் கேட்பான் என்ற 2:284 இறங்கியபோது, அவர்கள் நபியவர்களிடம் போய் முழந்தாளிட்டார்கள். தொழுகை, நோன்பு, ஜிஹாத், ஸதகா (தர்மம்) எல்லாம் எங்களால் முடியும், இது முடியாதே என்றார்கள். “கேட்டோம், கட்டுப்பட்டோம் என்று சொல்லுங்கள்” என்று நபியவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னார்கள். அதன்பின் இறங்கியதுதான் நாம் இஷாத் தொழுகைக்குப் பிறகு ஓதுகிற பகரா அத்தியாயத்தின் கடைசி வசனம்: எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சுமத்துவதில்லை. உள்ளங்கள் முணுமுணுப்பதை, பேசாமலும் செய்யாமலும் இருக்கும்வரை, என் உம்மத்துக்கு (சமுதாயத்துக்கு) அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்ற ஹதீஸ் (நபிமொழி) புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

அறிஞர்கள் ஓர் எண்ணத்தின் பயணத்தை ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். கடையில் முதலாளி இல்லை, மேசைமேல் 1,000 ரூபாத் தாள் கிடக்கிறது. ‘எடுக்கலாமே’ என்று மின்னலாக ஒன்று வெட்டிப்போகிறது. அது ஹாஜிஸ். போகாமல் கொஞ்சம் தங்குகிறது, காதிர். யாரும் பார்க்கவில்லையே, பார்த்தால் என்ன ஆகும் என்று உள்ளே பேச்சு நடக்கிறது, ஹதீஸுன் நஃப்ஸ். இந்த மூன்றுக்கும் குற்றமில்லை. நான்காவது ஹம்மு, மனம் எடுக்கும் பக்கம் சாய்ந்துவிட்டது, ஆனால் முடிவாகவில்லை. இங்கேதான் அல்லாஹ்வின் தாராளத்தைப் பார்க்க வேண்டும். இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கும் ஹதீஸின்படி, நன்மையை நாடிச் செய்யாவிட்டாலும் ஒரு முழு நன்மை எழுதப்படும். செய்தால் பத்து முதல் எழுநூறு மடங்கு, அதற்கும் மேலே. தீமையை நாடி, செய்யாமல் விட்டால் அதுவும் ஒரு முழு நன்மை. செய்தால் ஒரே ஒரு தீமை. அல்லாஹ்வுக்குப் பயந்து தாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டவன் நன்மையோடு வீட்டுக்குப் போகிறான்.

ஐந்தாவது அஸ்மு, உறுதியான முடிவு. முதலாளி போகட்டும், எடுத்தே தீருவேன் என்று காத்திருக்கிறான், அதற்குள் யாரோ வந்துவிட்டார்கள், முடியவில்லை. இதற்குக் கணக்கு உண்டு என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. வாளோடு மோதிய இரு முஸ்லிம்களில் கொல்லப்பட்டவனுக்கும் நரகம் என்று நபியவர்கள் சொன்னபோது, அவன் ஏன் என்று கேட்டார்கள். அவனும் தன் தோழனைக் கொல்ல ஆசையாக இருந்தான் என்பது பதில். கை முந்தாததால் மட்டும் அவன் தப்பவில்லை.

நடைமுறையில் என்ன செய்வது? வேண்டாத எண்ணம் வந்தால் அதோடு வாதாட வேண்டாம். அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடும் அஊது சொல்லுங்கள், நிறுத்திக்கொள்ளுங்கள், கையில் இருந்த வேலைக்குத் திரும்புங்கள். அல்லாஹ்வை யார் படைத்தது என்று ஷைத்தான் கேட்கும்போது செய்ய வேண்டியதாக நபியவர்கள் சொல்லித்தந்ததும் இதுதான்: பாதுகாப்புத் தேடி, நிறுத்திக்கொள். ஆராய்ச்சி செய்யச் சொல்லவில்லை. அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். வுழூவை (தொழுகைக்கு முன் கை கால் கழுவுவதை) ஏழு தரம், எட்டுத் தரம் திருப்பிச் செய்கிறீர்கள், தொழுகையைத் தொடங்கும் தக்பீரைக் கட்டிக் கட்டி அவிழ்க்கிறீர்கள், கெட்ட எண்ணங்களால் சாப்பிடவும் தூங்கவும் முடியவில்லை என்றால் அதைத் தக்வா (இறையச்சம்) என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் போங்கள். அந்தப் பையனையும் போகச் சொன்னேன், போனான். இப்போது நன்றாக இருக்கிறான்.

மூன்றாம் படி: செயலுக்கு முன் ஒரு கணம் நில்லுங்கள்

ரமழான் இரவுகளில் தறாவீஹ் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் இமாம் சொல்லச் சொல்ல எல்லோரும் சேர்ந்து சொல்வோமே: “நவைத்து ஸவ்ம கதின்…” பின்னாலேயே தமிழிலும் வரும், இந்த வருடத்து ரமழான் மாதத்தின் பர்ளான (கட்டாயமான) நோன்பை நாளை பிடிக்க நிய்யத்துச் செய்கிறேன் என்று. வீட்டில் உம்மம்மா (உம்மாவின் உம்மா) எங்களை வரிசையாக உட்காரவைத்துச் சொல்லவைப்பார். என் தங்கை பாதித் தூக்கத்தில் சொல்வாள். ‘கதின்’ என்ற இடத்தில் தலை சரிந்து உம்மம்மாவின் மடியில் விழும். உம்மம்மா அவளை எழுப்பமாட்டார். “வாய் சொல்லிட்டு, இனி கல்பு சொல்லட்டும்” என்று முக்காட்டால் மூடிவிடுவார்.

படிப்பறிவில்லாத அந்தக் கிழவி சொன்னதுதான் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் என்ற சட்டப் பள்ளியின் சட்டமும். நிய்யத்தின் இடம் உள்ளம். நாவால் சொல்வது உள்ளத்துக்கு உதவியாக. வாய் ஒன்றும் உள்ளம் ஒன்றும் சொன்னால் உள்ளம் சொன்னதே எடுபடும். ரமழானின் பர்ளான நோன்புக்கு பஜ்ருக்கு (விடியற்காலைத் தொழுகை நேரத்துக்கு) முன், இரவிலேயே நிய்யத்து வேண்டும். சஹருக்கு எழும்பிச் சாப்பிடும்போது நாளைய ரமழான் நோன்புக்காகத்தான் என்று உள்ளத்தில் வந்துவிட்டால் அதுவே போதும். வாயால் சொல்லலாமா கூடாதா என்று நம் பகுதியில் நடந்த சண்டைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டைக்குப் போனவர்களின் நிய்யத்து என்னவாக இருந்ததோ, அவனே அறிவான்.

செயல்கள் எல்லாம் நிய்யத்துகளைக் கொண்டே. உமர் (ரழி) அறிவிக்கும் இந்த ஹதீஸைத்தான் இமாம் புகாரி தம் நூலில் முதலாவதாக வைத்தார். ஒரே ஹிஜ்ரத் (மதீனாவுக்கான இடப்பெயர்வு), ஒரே பாலைவனம், ஒரே வெயில். ஒருவர் அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்குமாகப் போகிறார். இன்னொருவர் உலக லாபத்துக்கோ ஒரு பெண்ணை மணக்கவோ போகிறார். கால்தடத்தைப் பார்த்து யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

செய்து பாருங்கள். வீட்டு வாசலில் செருப்புப் போடும் அந்தக் கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறேன், யாருக்காக? கடலுக்குப் போகிறவர் பிள்ளைகளுக்கு ஹலாலான சோறு போடப் போகிறேன் என்று நினைத்து வள்ளத்தைத் தள்ளினால், அந்த இரவு முழுக்க இபாதத்தாகலாம் (வணக்கமாகலாம்). மனைவியின் வாயில் வைக்கும் ஒரு கவளத்துக்கும், அல்லாஹ்வின் திருப்தியை நாடினால், கூலி உண்டு என்று ஸஅத் (ரழி) அவர்களிடம் நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முதல் வாரம் பத்துத் தரம் மறப்பீர்கள். செருப்புப் போட்டுப் படலையைத் தாண்டிய பிறகு ஞாபகம் வந்தாலும் அங்கேயே நின்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: யாராவது பார்த்தால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்

மறுமையில் முதலில் தீர்ப்புச் சொல்லப்படும் மூவரைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. போரில் உயிரைக் கொடுத்தவர், கற்றுக் கற்பித்துக் குர்ஆன் ஓதியவர், அள்ளிக் கொடுத்த செல்வந்தர். மூவருமே உனக்காகச் செய்தேன் என்பார்கள். வீரன், ஆலிம், கொடையாளி என்று சொல்லப்பட வேண்டும் என்பதற்காகச் செய்தாய், சொல்லப்பட்டாகிவிட்டது என்பான் அல்லாஹ். அந்த ‘சொல்லப்பட்டாகிவிட்டது’ என்ற வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒலிபெருக்கி ஞாபகம் வருகிறது. என் பெயரை வாசிக்காமல் விட்டவருக்காக இப்போது துஆ (பிரார்த்தனை) செய்கிறேன்.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள எளிய வழி: ஆள் வந்ததும் ருகூஉ (தொழுகையில் குனிந்து நிற்பது) நீள்கிறதா? நன்றி சொல்லாதபோது கோபம் வருகிறதா? இன்னொருவர் உங்களைவிட நன்றாகச் செய்யும்போது அந்த நல்ல காரியமே பிடிக்காமல் போகிறதா? மூன்றாவதுதான் ஆழமான நோய். காரியம் நடப்பதே நோக்கமாக இருந்தால் யார் செய்தாலும் சந்தோஷம் வர வேண்டும்.

முகஸ்துதி வந்துவிட்டது என்று கண்டால் அமலை (நற்செயலை) விட்டுவிடாதீர்கள். மக்களுக்காக அமலை விடுவது முகஸ்துதி, மக்களுக்காக அமல் செய்வது இணைவைப்பு, இரண்டிலிருந்தும் அல்லாஹ் காப்பாற்றுவதே இக்லாஸ் (தூய எண்ணம்) என்றார் முற்கால அறிஞர் ஃபுளைல் இப்னு இயாழ் (ரஹ்). தொழத் தொடங்கிவிட்டால் தொழுது முடியுங்கள், நிய்யத்தை உள்ளேயே திருப்பிவிடுங்கள். செய்து முடித்த பிறகு யாராவது தாமாகவே புகழ்ந்தால் பயப்படவும் தேவையில்லை. அதைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது மூமினுக்கு (நம்பிக்கையாளருக்கு) முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி என்று நபியவர்கள் சொன்னார்கள்.

மகாவலி பெருகி மூதூர்ப் பக்கமும் கிண்ணியாப் பக்கமும் வெள்ளம் வரும்போது உலர் உணவுப் பொதி கொடுக்கிறோம். கொடுக்கிறவர் கை, பொதி, வாங்குகிறவர் முகம், மூன்றும் ஒரே படத்தில் வாட்ஸ்அப்பில் வருகிறது. வெளிப்படையாகக் கொடுப்பதைக் குர்ஆன் தடுக்கவில்லை. வெளிப்படையாகக் கொடுத்தால் அதுவும் நல்லது, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது இன்னும் மேல் என்கிறது 2:271. பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் பொதிகளைப் படம் எடுங்கள். வாங்குகிறவரின் முகத்தை எடுக்க வேண்டாம். அந்த முகத்தில் உள்ள வெட்கத்தையும் அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஐந்தாம் படி: அடுத்தவர் உள்ளத்தை விட்டுவிடுங்கள்

நெஞ்சில் உள்ளதை அறிகிறவன் அவன் ஒருவன்தான் என்றால், நான் அறிய முடியாது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

உஸாமா இப்னு ஸைத் (ரழி) நபியவர்கள் மிகவும் நேசித்த இளைஞர். ஒரு போரில் எதிரி ஒருவனை மடக்கியபோது அவன் லாஇலாஹ இல்லல்லாஹ் (அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை) என்ற கலிமாவைச் சொன்னான். உஸாமா அவனைக் கொன்றுவிட்டார். செய்தி நபியவர்களிடம் போனது. ஆயுதத்துக்குப் பயந்துதான் சொன்னான் என்றார் உஸாமா. “அதற்காகத்தான் சொன்னானா இல்லையா என்று அறிய அவன் உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா?” என்று நபியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்றைக்குத்தான் நான் இஸ்லாத்துக்கு வந்திருக்கக்கூடாதா என்று ஏங்கும் அளவுக்குக் கேட்டார்கள் என்கிறார் உஸாமா. யோசித்துப் பாருங்கள், போர்க்களம், உருவிய வாள், எதிரியின் வாயிலிருந்து கடைசி நொடியில் வந்த கலிமா. சந்தேகப்பட இதைவிடக் காரணம் வேண்டுமா? அங்கேயே அனுமதி இல்லை. தேநீர்க் கடை வாங்கில் உட்கார்ந்திருக்கும் நமக்கு எங்கிருந்து வந்தது?

மதீனாவாசிகளில் நயவஞ்சகத்தில் ஊறிப்போனவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நீர் அறியமாட்டீர், நாமே அறிவோம் என்று அல்லாஹ் தன் தூதரிடமே சொன்னான் (9:101). அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நம் பழமொழி சொல்லும். முகத்தில் தெரிவதெல்லாம் அகமாகிவிடாது.

மூதூரிலும் கிண்ணியாவிலும் எத்தனை உம்மாமார் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். கூரைத் தகரமும் மகளின் கல்யாணமும் அந்தச் சம்பளத்தில் நடந்தவை. திரும்பி வரும்போது ஒரு நல்ல சாரி உடுத்தினால் போதும், “எதுக்குப் போனாளோ, என்ன செஞ்சாளோ” என்று ஒரு பேச்சு. மிகையான சந்தேகத்தைத் தவிருங்கள், சந்தேகங்களில் சில பாவம், துருவித் துருவி ஆராயாதீர்கள் என்ற 49:12 அந்தப் பேச்சைப் பேசுகிறவர்களுக்கும் மனப்பாடம்.

தமிழரும் சிங்களவரும் நாமுமாக வாழும் ஊர் இது. 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு நம் பையைத் திறந்து பார்த்தார்கள், நம் உடுப்பைப் பார்த்துப் பயந்தார்கள். உள்ளே என்ன வைத்திருக்கிறார்களோ என்று நம் நெஞ்சைக் கண்ணாலேயே பிளந்து பார்த்தார்கள். அந்த வலி நமக்குத் தெரியும். அதே கண்ணால் நாம் பக்கத்துத் தெருவைப் பார்க்கலாமா?

செய்ய வேண்டியதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். ஒருவர் செய்த செயலைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் செயலோடு நிறுத்துங்கள். ‘கடனைத் தரவில்லை’ என்று சொல்லலாம், அது நடந்தது. ‘ஏமாற்றத்தான் வாங்கினான்’ என்பது அவனுடைய உள்ளத்துக்குள் கைவிடுவது. ஒரு நாள் முழுக்க இந்த இரண்டாவது வகை வாக்கியம் ஒன்றும் வராமல் இருந்து பாருங்கள். எனக்கு லுஹர் (நண்பகல் தொழுகை) வரைகூடத் தாங்கவில்லை.

ஆறாம் படி: யாருக்கும் தெரியாத ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்

இதைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் கொடுத்தவர், தனிமையில் அல்லாஹ்வை நினைத்துக் கண் கசிந்தவர் என்று மறுமையில் அர்ஷின் (அல்லாஹ்வின் அரியணையின்) நிழலில் இடம்பெறும் ஏழு வகையினரில் இரண்டு வகையினர் இப்படிப்பட்டவர்கள். ஓர் அமலை, சிறியதென்றாலும், மனைவிக்கும் தெரியாமல் தொடர்ந்து செய்யுங்கள். பல வருடங்களுக்குப் பிறகு வாய்தவறிச் சொல்லிவிடவும் வேண்டாம்.

இரவில் படுக்கையில் ஐந்து நிமிடம் அன்றைய நாளைத் திருப்பிப் பாருங்கள். கண்டுபிடிக்க முடியாதது நிறைய இருக்கும். அதற்குத்தான் நபியவர்கள் அபூபக்ர் (ரழி) அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த துஆ: யா அல்லாஹ், அறிந்துகொண்டே உனக்கு இணைவைப்பதை விட்டும் உன்னிடம் பாதுகாப்புத் தேடுகிறேன். நான் அறியாததற்காக உன்னிடம் மன்னிப்புத் தேடுகிறேன். அபூபக்ருக்கே இது தேவைப்பட்டது.

ஏழாம் படி: அவன் அறிந்திருப்பதில் ஆறுதல் தேடுங்கள்

இதுவரை எழுதியதில் பயம் கொஞ்சம் தூக்கலாகத் தெரியலாம். எனக்கு வயது போகப் போக இந்தப் பக்கம்தான் பெரிதாகிறது. சொல்லத் தெரியாதவனின் துஆவும் அவனுக்குக் கேட்கிறது. ஸகரிய்யா (அலை) தம் இறைவனை மெல்லிய குரலில் இரகசியமாக அழைத்தார்கள் (19:3). யஃகூப் (அலை), என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்றார்கள் (12:86). செய்ய ஆசைப்பட்டும் முடியாமல்போனவனும் கணக்கில் இருக்கிறான். தபூக் போர்ப் பயணத்திலிருந்து திரும்பும்போது நபியவர்கள், மதீனாவில் சிலர் இருக்கிறார்கள், நீங்கள் நடந்த எந்தப் பாதையிலும் கடந்த எந்தப் பள்ளத்தாக்கிலும் அவர்கள் உங்களோடு இருந்தார்கள் என்றார்கள். மதீனாவில் இருந்துகொண்டா என்று கேட்டார்கள் தோழர்கள். மதீனாவில் இருந்துகொண்டேதான், தக்க காரணம் அவர்களைத் தடுத்துவிட்டது.

உம்மம்மாவுக்கு ஹஜ்ஜுக்குப் போக ஆசை. பால்மாப் பேணி ஒன்றில் காசு சேர்த்தார். பாய் பின்னிய காசு, முட்டை விற்ற காசு, பெருநாளைக்குப் பிள்ளைகள் கொடுத்த காசு. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது உயிர்கள் போயின, வீடு போனது, பேணியும் போனது. முகாமில் இருந்த நாட்களில் ஒருமுறை அந்தப் பேணியைப் பற்றி நான் வருத்தப்பட்டுப் பேசினேன். உம்மம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “கடல் காசத்தான் கொண்டு போச்சு மகன். நிய்யத்த எங்க கொண்டு போற?”

பிறகு இன்னொரு பேணியில் தொடங்கினார். மவ்த்தாகும்போது அதில் சில ஆயிரம் ரூபாதான் இருந்தது. மக்காவுக்குப் போக, அது கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்கும்கூடக் காணாது. வாப்பா அதை உம்மம்மாவின் பெயரில் ஸதகாவாகக் கொடுத்துவிட்டார், யாருக்கென்று எங்களுக்குச் சொல்லவில்லை.

வெறும் பேணி எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே பல வருடம் கிடந்தது. போன நோன்புக்குத் துப்புரவு செய்யும்போது தூக்கினேன், உள்ளே சில்லறை குலுங்கியது. என் சின்ன மகள் கதிரை போட்டு ஏறி அதில் காசு போட்டுவருகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. எதற்கென்று நான் கேட்கவில்லை. இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.